ஃபோனே இருக்கும்போது பள்ளி நூலகம் எதற்கு?

மகள் திருப்பூரில் பத்தாவது படிக்கிறாள், ஃபோனில் எல்லாம் கிடைக்கும்போது நூலகத்துக்குத் தனியாக ஒரு பீரியட் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தப் பீரியடை விட்டுவிடாதீர்கள்.

அவள் நொய்யல் ஆற்று மாசைப் பற்றி ஒரு ப்ராஜெக்ட் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் தேடினால் முதலில் வருவதைப் பார்த்து எழுதிவிட்டுப் போய்விடுவாள். நல்ல நூலகர் முதலில் கேள்வியைச் சுருக்கச் சொல்வார்: 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு என்ன மாறியது? இப்படிக் கேள்வி கூர்மையானால்தான் எதைத் தேடுவது என்றே தெரியும். அப்புறம் பழைய செய்தித்தாள், சாயக்கழிவில் என்னென்ன உப்பு இருக்கும் என்று பார்க்க ஒரு வேதியியல் புத்தகம், இரண்டும் வேறு வேறாகச் சொன்னால் எதை நம்புவது, எந்தப் பக்கத்தில் எடுத்தோம் என்று நோட்டில் குறிப்பது, கடைசியில் சொந்த வார்த்தையில் எழுதுவது. காலேஜில் இது தெரியாமல் பிள்ளைகள் திணறுகிறார்கள். புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவைப் பார்த்து வேண்டிய பக்கத்துக்கு நேராகப் போகத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரர் பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து கொண்டுவந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் நூலகத்தில் இருந்தால் அதில் பழகட்டும்.

வாசிப்புப் பழக்கத்துக்கு ஒன்றுதான், பிடித்ததை அவளே எடுக்க விடுங்கள், பிடிக்கவில்லையா, பாதியில் திருப்பிக் கொடுக்கட்டும். புத்தகங்களைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தால் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.