புற்றுநோய்க்கு ஸ்டெம் செல்தான் வேர் என்கிறார்களே, அதை மட்டும் அழித்தால் நோய் திரும்பாதா?

ஸ்டெம் செல் என்பது தன்னையும் பெருக்கிக்கொண்டு, மற்ற வகைச் செல்களையும் உண்டாக்கும் மூலச் செல். எல்லாப் புற்றுநோய்க்கும் அதுதான் வேர் என்று சொல்ல முடியாது. ரத்தப் புற்றுநோயில் இந்தக் கருத்துக்கு வலு அதிகம். மார்பகம், குடல் போன்ற உறுப்புகளில் வரும் திடக்கட்டிகளில் இன்னும் சண்டைதான். நான் பெங்களூரில் ஒரு செல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால் தெரிந்தவரை சொல்கிறேன்.

1994-ல் டொராண்டோவில் ஜான் டிக் குழு ஒரு ரத்தப் புற்றுநோயின் செல்களைத் தரம் பிரித்து, எதிர்ப்பு சக்தி குன்றிய எலிகளுக்குச் செலுத்தியது. நோயை உண்டாக்கியது மிகச் சிறிய ஒரு கூட்டம் மட்டுமே. 2003-ல் மார்பகப் புற்றுநோயிலும் அதே கதை: குறிப்பிட்ட வகைச் செல்கள் 100 இருந்தாலே கட்டி வந்தது, மற்றவை பல்லாயிரம் செலுத்தியும் வரவில்லை.

இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2008-ல் ஷான் மாரிசன் குழு மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் செய்த சோதனை. இந்த ஆய்வுகளில் வழக்கமாகப் பயன்படுத்தும், எதிர்ப்பு சக்தி குன்றிய எலியில் ஏறக்குறைய எட்டு லட்சம் செல்லுக்கு ஒன்றுதான் கட்டியாக வளர்ந்தது. அப்புறம், இயற்கைக் கொல்லி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களும் இல்லாத எலியை எடுத்தார்கள். செல்களை மேட்ரிஜெல் என்ற கூழில் கலந்து செலுத்தி, கூடுதல் நாள் காத்திருந்தார்கள். இப்போது நாலில் ஒரு செல் கட்டியானது! செல் அதேதான், மாறியது எலியும் சோதனை முறையும். அப்படியானால் அதுவரை எண்ணியது செல்லின் திறமையையா, எலியின் எதிர்ப்பையா? இந்தக் கேள்வியைத் தாண்டாமல், கட்டியில் ஸ்டெம் செல் இத்தனை சதவீதம் என்று யாரும் சொல்லக் கூடாது என்பேன்.

அதற்காகக் கருத்தே தப்பு என்றும் ஆகாது. 2012-ல் எலியின் தோல், குடல், மூளைக் கட்டிகளில் செல்களை இடம் மாற்றாமல் உள்ளேயே பின்தொடர்ந்து பார்த்தபோதும் ஸ்டெம் செல் போன்றவை தென்பட்டன. ஆனால் 2017-ல் எலியின் குடல் கட்டியில் அவற்றை அழித்தபோது வளர்ச்சி நின்றது, கட்டி கரையவில்லை. அழிப்பதை நிறுத்தியதும் கட்டியின் மற்றச் செல்களே அந்த இடத்துக்கு வந்து, கட்டி மறுபடி வளர்ந்தது.

அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் கணவருக்கு நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். "டெஸ்ட்ல ஒண்ணுமே இல்லன்னு வந்துருச்சே தம்பி, இன்னும் மாத்திரை எதுக்கு?" என்று அக்கா கேட்டார். இமாட்டினிப் மாத்திரை பெருகும் செல்களை அடக்கிவிடும், உறங்கிக் கிடக்கும் ஸ்டெம் செல்கள் சில தப்பித்துவிடும் என்று விளக்கினேன். பல வருடம் நோய் நன்றாக அடங்கியிருப்பவர்களில் சிலருக்கு மருத்துவர்கள் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதுண்டு, அதுவும் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே. தானாக நிறுத்த வேண்டாம் அக்கா, டாக்டரிடமே கேளுங்கள் என்றேன்.