பத்திரிகை வைக்காத கோபம்

வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பியதால் பெரியப்பா கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தனியாகப் போய்ப் பயனில்லை. அவருக்குத் தம்பி மேல்தான், அதாவது உங்கள் அப்பா மேல்தான் குறை. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போகவேண்டும்.

முதல் நாளே அத்தை மாதிரி இரண்டு பக்கமும் பேசுகிற ஒருவர் மூலம் "நாளைக்கு வர்றாங்க" என்று காதில் போட்டு வையுங்கள். சொல்லாமல் போனால் வாசலிலேயே வார்த்தை தடித்துவிடும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, குங்குமம். பத்திரிகையின் நாலு முனையிலும் மஞ்சள். உறைமேல் அவர் பெயர் கையால் எழுதியிருக்கட்டும். பெரியம்மாவையும் கூப்பிட்டு நிற்கவைத்துக் கொடுங்கள்.

"எல்லாருக்கும் அப்படித்தான் அனுப்பினோம்" என்று மட்டும் வாய் தவறியும் சொல்லக்கூடாது. அவரும் பத்தோடு பதினொன்று என்றாகிவிடும். "நீங்க முன்னாடி நின்னு நடத்தணும்ணே" போதும். திட்டினால் திட்டி முடிக்கட்டும். காபி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கையோடு சம்பந்தி வீட்டாரை வரவேற்கும் பொறுப்பை ஒப்படையுங்கள். அப்போது அவர் இறங்கி வந்ததாக இருக்காது, பொறுப்புக்காக வந்ததாக இருக்கும்.

குடும்ப குரூப்பில் "பெரியப்பா சமாதானமாயிட்டார்" என்று யாரும் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.