அடுக்குத் தட்டில் முளைப்பயறும் குட்டிக்கீரையும்: கேட்டவர்களுக்குப் பதில்

சிங்கப்பூரில் வீட்டிலேயே இவற்றை வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை; ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் கேட்டவர் இருக்கும் வட்டாரத்தின் பெயரைப் போட்டிருக்கிறேன். சரி, ஆரம்பிக்கலாம். அதற்கு முன் ஒரு வார்த்தை. முளைப்பயறை வேரோடு சாப்பிடுகிறோம். அதற்கு மண்ணும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். மைக்ரோகிரீன்ஸ் எனப்படும் குட்டிக்கீரையில் வேரை விட்டுவிட்டுத் தண்டையும் இலையையும் வெட்டிக்கொள்கிறோம்; அதற்கு வெளிச்சம் கட்டாயம். கடையில் இரண்டுக்கும் ஒரே மாதிரி அடுக்குத் தட்டைக் காட்டி விற்கிறார்கள். வந்திருக்கும் கேள்விகளில் பாதிக் குழப்பம் அதனால்தான்.

ஈசூன்: நாலு தட்டு அடுக்கு வாங்கினேன் அக்கா. ஊரில் அம்மா ஈரத்துணியில் கட்டிவைத்தாலே பாசிப்பயறு முளைத்துவிடும். இங்கே இரண்டாம் நாளே நடுத்தட்டில் புளித்த வாடை. மேல்தட்டு மட்டும் நன்றாக இருக்கிறது. ஏன்?

நடுத்தட்டு என்றீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. முளைக்கிற பயறு மூச்சு விடும், சூடும் உண்டாக்கும். மேல்தட்டுச் சூடு காற்றோடு போய்விடும். நடுவில் இருப்பது போக வழியில்லாமல் அங்கேயே தங்கும். சிங்கப்பூரில் வீட்டுக்குள்ளேயே 30 பாகையை ஒட்டித்தான் வெப்பம், ஈரமும் அதிகம். குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரே வெதுவெதுப்பு. இதில் தட்டை நிறைத்துப் பயறு போட்டால் நாறாமல் என்ன செய்யும்?

ஊறிய பயறு ஒரு விரல் உயரத்துக்கு மேல் வேண்டாம். மேலே ஒரு முறை தண்ணீர் ஊற்றினால் எல்லாத் தட்டும் நனைந்துவிடும் என்று பெட்டியில் படம் போட்டிருப்பார்கள், அதை நம்பாதீர்கள். தண்ணீர் ஒரே ஓரமாக வழிந்து இறங்கும். மேல்தட்டின் அழுக்குதான் கீழ்த்தட்டுக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு தட்டையும் தனியாக எடுத்துக் குழாயடியில் அலசி, சாய்த்துப் பிடித்து வடித்து, அடுக்கும்போது இடம் மாற்றி வையுங்கள். காலை, மாலை, படுக்கும் முன் என்று மூன்று முறை. வேலைக்குப் போகிறவர்களுக்குப் பகல் இடைவெளி நீளம்தான். அப்படியென்றால் நாலு தட்டையும் நிரப்பாதீர்கள், இரண்டு போதும். கடைசியாக அலச ஃபிரிட்ஜ் தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது.

செங்காங்: பயத்தம்பருப்பு, துவரம்பருப்பு எதுவுமே முளைக்கவில்லையே?

உடைத்த பருப்பு முளைக்காது தம்பி. முழுப்பயறு வாங்குங்கள்.

பிடோக்: சந்தையில் விற்கும் தவ்கே (பாசிப்பயறு முளை) மாதிரி குண்டாக, வெள்ளையாக வரமாட்டேன் என்கிறது. நூல் நூலாக நீள்கிறது. உரம் ஏதாவது போடுகிறார்களா?

உரமில்லாமலே குண்டாக்கலாம். இருட்டும் பாரமும் இருந்தால் போதும். முளை மேலே எழும்பும்போது ஏதாவது அழுத்தினால், அது எத்திலீன் வாயுவைக் கூடுதலாக விடும். வாழைக்காயைப் பழுக்கவைக்கிறதே, அதே வாயு. எத்திலீன் பட்ட முளை நீளுவதைக் குறைத்துக்கொண்டு தண்டைத் தடிப்பாக்கும். ரஷ்யாவில் நெல்யூபோவ் என்ற மாணவர் 1901இல் இதைக் கண்டுபிடித்தார். ஆய்வுக்கூடத்து எரிவாயு விளக்கிலிருந்து கசிந்த வாயுவால் பட்டாணி முளைகள் குட்டையாகிக் கோணுவதைப் பார்த்தார். பெரிய தவ்கே பண்ணைகளில் ஆழமான தொட்டியில் பயறே பயறை அழுத்துகிறது.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள். இரவு முழுக்க ஊறிய பயறைத் தட்டில் பரப்பி, மேலே ஈரத்துணி, அதன்மேல் ஓட்டையுள்ள இன்னொரு தட்டு, அதில் ஒரு கிலோ அரிசிப் பொட்டலம். எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மூடுங்கள். அலசும்போது பயறைக் கிளறாதீர்கள், இடம் மாறினால் வேர் சிக்கிக்கொள்ளும். மேலே மெதுவாக நிறையத் தண்ணீர் ஊற்றி முழுக்க வடியவிடுங்கள். நாலைந்து நாளில் எடுக்கலாம். நடுவில் திறந்து திறந்து பார்த்தால் வெளிச்சம் பட்டுப் பச்சையாகும், கசக்கும். கடையில் விற்பது அளவுக்கு வராது, ஆனால் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸுக்குப் போடத் தாராளமாகப் போதும்.

தெம்பனிஸ்: வெந்தயக்கீரைத் தட்டில் வேரோரம் வெள்ளையாகப் பஞ்சுபோல இருக்கிறது, தங்கச்சி. கொட்டிவிடவா?

கொட்டாதீர்கள் அம்மா, முதலில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வேரில் இயல்பாகவே வரும் மெல்லிய இழை, அதாவது வேர்த்தூவி என்றால் நனைந்ததும் வேரோடு ஒட்டி மறைந்துவிடும். வேரைச் சுற்றி மட்டும்தான் இருக்கும், வாடை இராது. பூஞ்சை என்றால் மறையாது. விதைக்கு விதை சிலந்திவலைபோல ஓடும், மக்கிய வாடை வரும். முள்ளங்கியில் வேர்த்தூவி இன்னும் அடர்த்தி, பார்த்தால் யாருக்குமே பயம் வரும். பூஞ்சைதான் என்றால் மொத்தத் தட்டையும் வீசுங்கள். அந்த மூலையை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் சிக்கனம் வேண்டாம்.

ஜூரோங் வெஸ்ட்: குட்டிக்கீரை விதைத்ததும் தட்டின்மேல் தட்டு அடுக்கி, மேலே செங்கல் வைக்கிறார்களே, முளை நசுங்காதா?

நசுங்காது. பாரம் இருந்தால் வேர் மேலே கிளம்பாமல் தட்டில் மண்ணுக்குப் பதிலாகப் பரப்பிய தென்னைநார்த் தூளுக்குள் இறங்கும், விதைத்தோலும் கழன்றுவிடும். சூரியகாந்திக்கு இது அவசியம், இல்லாவிட்டால் ஒவ்வோர் இலையிலும் தொப்பி மாட்டிக்கொண்டு நிற்கும். இங்கத்தைய சூட்டுக்கு இரண்டு, மூன்று நாள் போதும். குளிர்நாட்டு வீடியோக்களில் சொல்லும் ஐந்து நாள் கணக்கை இங்கே பிடித்தால் வெந்துபோகும். மேல்தட்டு தானாகத் தூக்கத் தொடங்கியதும் பாரத்தை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்கு மாற்றுங்கள்.

25க்கு 50 சென்டிமீட்டர் தட்டுக்குக் கடுகு ஒரு மேசைக்கரண்டி போதும். சூரியகாந்தி 100 கிராம் வரை போகும், பட்டாணி 200 கிராமே பிடிக்கும். நெருக்கி விதைத்தால் காற்று புகாது, பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

பொங்கோல்: வீட்டு வாசலில் இருக்கும் பொது நடைவழியில் (காரிடாரில்) வைக்கலாமா? அதிகாரிகள் கொசுச் சோதனைக்கு வந்தால்?

தீயணைப்பு விதிப்படி நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளும் அங்கேதான் நிற்கும், பார்த்துக்கொள்ளுங்கள். கொசுவைப் பொறுத்தவரை ஆபத்து அடித்தட்டுத் தண்ணீரில். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும், குட்டிக்கீரை வளரும் காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அடியிலிருந்து தண்ணீர் காட்டினால் அரைமணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். வீட்டுக்குள் சன்னலோரம்தான் என் தேர்வு. வெளிச்சம் குறைந்தால் வெள்ளை எல்.இ.டி. குழல் விளக்கை ஒரு சாண் உயரத்தில் கட்டி, நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுங்கள். செடிக்கென்று விற்கும் ஊதா விளக்கு தேவையில்லை.

உட்லண்ட்ஸ்: மருமகள் மாசமாக இருக்கிறாள். சத்து என்று தினமும் முளைப்பயறு பச்சையாகக் கொடுக்கிறேன்.

பச்சையாக வேண்டாம் அம்மா. இன்றே நிறுத்திவிடுங்கள். கிருமி விதைக்குள்ளேயே இருக்கலாம், எவ்வளவு கழுவினாலும் போகாது. பயறு முளைக்கத் தேவையான அதே சூடும் ஈரமும் கிருமிக்கும் விருந்து. ஜெர்மனியில் 2011இல் ஈ.கோலை என்ற குடல் கிருமி பரவி 50 பேருக்கு மேல் இறந்தார்கள். விசாரணை முளைகட்டிய வெந்தயத்தில்தான் போய் நின்றது. கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள் யாருக்கும் பச்சை முளை கூடாது. நன்றாக வேகவைத்துச் சுண்டலாகத் தாளித்துக் கொடுங்கள். வைட்டமின் சி கொஞ்சம் குறையும், குறையட்டும். குட்டிக்கீரையில் வேரை விட்டு மேலே வெட்டுவதால் ஆபத்து குறைவு. ஆனாலும் அவளுக்கு அதையும் ரசத்திலோ பருப்பிலோ போட்டு வேகவைத்தே கொடுங்கள்.

புக்கிட் பாத்தோக்: தேக்கா சந்தைப் பக்கம் மளிகைக்கு விற்கும் விதையே போதுமா?

வெந்தயம், கடுகு, கொள்ளு, பாசிப்பயறு எல்லாவற்றுக்கும் போதும். கொத்தமல்லியை லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து விதையுங்கள், பொறுமையும் வேண்டும். வறுத்த சூரியகாந்தி விதை முளைக்காது. தோட்டத்துக்கென்று விற்கும் விதையில் இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் தெரிந்தால் மருந்து கலந்தது, தொடாதீர்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றைக் கீரையாகச் சாப்பிடக் கூடாது. ராஜ்மா முளையைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் வாந்தி பிடுங்கும்.

சுவா சூ காங்: பெரிய கீரையைவிட 40 மடங்கு சத்து என்கிறார்களே? அப்பா இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார்.

அந்த 40 மடங்கை எல்லாக் கீரைக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்க வேளாண் துறையும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் 25 வகைகளை அளந்து 2012இல் வெளியிட்டன. வகைக்கு வகை ஏகப்பட்ட வித்தியாசம். வைட்டமின் சி சிவப்பு முட்டைக்கோஸில் அதிகம், வைட்டமின் கே சிவப்புத் தண்டுக்கீரை வகையில் அதிகம். அந்த வைட்டமின் கே தான் வார்ஃபரின் வேலையைக் குறைக்கும். அப்பாவின் தட்டில் திடீரென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டு அளவை ஒரே சீராக வையுங்கள்.

ஈசூன், மறுபடியும்: வெட்டிய பிறகு திரும்ப வளருமா அக்கா?

பட்டாணி மட்டும் வளரும், அடிக்கணுவை விட்டு வெட்டினால். கடுகும் வெந்தயமும் ஒரே வெட்டுதான். வேர்ப் பாயைத் துண்டாக்கிப் பூந்தொட்டி மண்ணுக்கடியில் புதைத்துவிடுங்கள். தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அப்புறம் அடுத்த விதைப்பு.