காலேஜ் ஸ்டூடண்ட் மெயில் ஐடிக்கு எதுக்குங்க ரெண்டு அடுக்கு வெரிஃபிகேஷன்? யாருக்கு லாபம்?

"அந்த மெயில்ல அசைன்மெண்ட்டைத் தவிர என்ன இருக்கு, இதுக்குப் போயி ஓடிபியா"ன்னு கேட்டிருக்கீங்க. லாகின் பண்ண முடியாம இன்டர்னல் மார்க்குக்கான அசைன்மெண்ட் டேட் போயிருக்கும், அந்தக் கடுப்புல டைப் பண்ணிருப்பீங்கன்னு புரியுது. கொங்கு பக்கம் ஒரு தனியார் யூனிவர்சிட்டில கம்ப்யூட்டர் சென்டர்ல 7 வருஷம் குப்பை கொட்டுனவன் நான். இந்தத் தொல்லையை ஸ்டூடண்ட்ஸ் தலைல கட்டுன கை என்னோடதும்தான். அதனால திட்டுறதுன்னா என்னையே திட்டிக்கங்க.

முதல்ல ஏன் கொண்டு வந்தோம்னு சொல்றேன். 2022ல ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தேர்ட் இயர் பையனோட ஐடில இருந்து எல்லாருக்கும் மெயில் போயிருக்கு, ஹாஸ்டல் காஷன் டெபாசிட் திருப்பித் தர்றோம், இந்த லிங்க்ல பேங்க் டீடெய்ல் போடுங்கன்னு. வெளில இருந்து வந்திருந்தா ஸ்பாம்ல போயிருக்கும், உள்ள இருக்கிற ஐடிங்கறதால நேரா இன்பாக்ஸ்ல உக்காந்துருச்சு. காலைல நான் டீ குடிக்க முன்னாடியே நாலு பேரு பணம் போச்சுன்னு ரூம் வாசல்ல நிக்கிறாங்க. அந்தப் பையன் பாவம் ராத்திரி தூங்கிட்டு இருந்திருக்கான். பாஸ்வேர்ட் என்னன்னு பாத்தா அவன் பிறந்த தேதி. அட்மிஷன்ல நாங்க எல்லாருக்கும் போட்டுக் குடுத்த டீஃபால்ட்டே அதான், மாத்தச் சொல்லி கட்டாயப்படுத்தவே இல்ல. இது எங்க தப்பு, ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பையனைத்தான் கூப்பிட்டு லெட்டர் எழுதி வாங்குனாங்க.

உடனே மேலிடத்துல இருந்து உத்தரவு, திங்கட்கிழமைல இருந்து எல்லாருக்கும் ஓடிபி. ஆன்லைன்ல கார்டு தேய்க்க ரெண்டாவது அடுக்கு வேணும்னு ரிசர்வ் பேங்க் 2009லயே கட்டாயமாக்கிருச்சு, அதனால ஓடிபி நம்ம ஊர்ல எல்லாருக்கும் பழகுனதுதானேன்னு நாங்களும் நினைச்சோம். ஐடி கம்பெனி ஆளுங்க இப்ப கமெண்ட்ல வந்து "எஸ்எம்எஸ்ஸே சேஃப் இல்ல, சிம் ஸ்வாப் தெரியாதா, ஹார்ட்வேர் கீ குடுத்திருக்கலாமே"ன்னு சொல்வீங்க. தெரியுங்க. சிம் ஸ்வாப்னா ஏமாத்தி நம்ம நம்பருக்கு வேற சிம் வாங்கி ஓடிபியைப் புடிக்கறது, ஹார்ட்வேர் கீன்னா லாகின் பண்ண பென்டிரைவ் மாதிரி சொருகற சாவி. ஆயிரக்கணக்குல விலை வர்ற அந்தக் கீயை ஆளுக்கு ஒண்ணு யாரு வாங்கித் தர்றது, எங்க சென்டர்ல மவுஸ் மாத்தவே மூணு கையெழுத்து வேணும்.

திங்கட்கிழமை வந்துச்சு. அட்மிஷன் ஃபார்ம்ல இருந்த மொபைல் நம்பருக்கெல்லாம் ஓடிபி போக ஆரம்பிச்சுது. பாதிப் பேருக்கு அது அப்பா நம்பர்! பிளஸ் டூ முடிச்சு வரும்போது அவங்களுக்கு சொந்தமா போன் ஏது. ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு அழுதுட்டே வந்துச்சு, அப்பாவுக்கு தாராபுரம் பக்கம் விவசாயம், பத்து மணிக்குள்ள ரெக்கார்ட் அப்லோட் பண்ணணும். என் போன்லயே போட்டுக் குடுத்தேன், ஸ்பீக்கர்ல. "அப்பா, ஆறு நம்பர் வந்திருக்கும் பாருங்க, சொல்லுங்க." அவரு சொல்ல மாட்டேங்கறாரு. "கண்ணு, யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்குதே, பேங்க்லயும் அப்படித்தான சொன்னாங்க"ங்கறாரு. நான் வாங்கிப் பேசுனா இன்னும் சந்தேகம். "நீங்க யாருங்க? எம்புள்ள குரல்ல வேற யாரோ பேசற மாதிரி இருக்குதுங்க"ன்னு கட் பண்ணிட்டாரு. எனக்கு கோவமே வரல. அந்த காஷன் டெபாசிட் லிங்க்ல பேங்க் டீடெய்ல் போட்ட நாலு பேரும் பொறியியல் படிக்கிறவங்க, இவரு ஏமாறல பாருங்க. பொண்ணுக்குத்தான் ரெக்கார்ட் மார்க் போச்சு, அப்புறம் நான் போய் ஸ்டாஃப்கிட்ட கெஞ்சி வாங்கிக் குடுத்தேன்.

சரி எஸ்எம்எஸ் வேணாம், போன்லயே ஓடிபி காட்டுற ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாறலாம்னு முடிவு பண்ணோம். அதென்னன்னா க்யூஆர் ஸ்கேன் பண்ணும்போது ஒரு ரகசிய சாவி போனுக்குள்ள போயிரும், அதையும் அப்போதைய நேரத்தையும் சேத்து 30 செகண்டுக்கு ஒரு தடவை ஆறு நம்பர் கணக்குப் போட்டுக் காட்டும். நெட் வேணாம், சிக்னல் வேணாம், ஏரோப்ளேன் மோட்லயும் வேலை செய்யும். இதுல என்ன பிரச்சனை வந்துரும்னு கேளுங்க. ஒரு பையனுக்கு எத்தனை தடவை போட்டாலும் தப்புன்னே வருது, ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டோம். கடைசில பாத்தா போன்ல நேரம் அஞ்சு மணி நேரம் முன்னாடி ஓடுது. மிட்டாய் உடைக்கிற கேம்ல லைஃப் சீக்கிரம் ஏறணும்னு கடிகாரத்தைத் தள்ளி வெச்சிருக்கான்! ஆட்டோமேட்டிக் டைம் ஆன் பண்ணுனதும் சரியாயிருச்சு.

ஆனா அதைவிடக் கூத்து ஒண்ணு இருக்கு. எங்க கேம்பஸ்ல ஸ்டூடண்ட் போன் கொண்டு வரவே கூடாது, புடிச்சா ஃபைன். லேப்ல லாகின் பண்ண போன் வேணும், போன் கொண்டு வந்தா ஃபைன். ரெண்டு சர்க்குலரும் ஒரே நோட்டீஸ் போர்டுல பக்கத்து பக்கத்துல, ஒரே ஆள் கையெழுத்து. பசங்க பேக் அடில சாக்ஸுக்குள்ள சுத்தி எடுத்துட்டு வந்தாங்க. லேடீஸ் ஹாஸ்டல்ல இன்னும் மோசம், ராத்திரி போனை வார்டன் வாங்கி வெச்சுக்குவாங்க, பாய்ஸ் ஹாஸ்டல்ல அப்படி ஒண்ணும் இல்ல. அசைன்மெண்ட் டெட்லைன் மட்டும் ரெண்டு பேருக்கும் ராத்திரி 11.59. மீட்டிங்ல கேட்டேன். "அது உங்க டிபார்ட்மெண்ட் இல்ல"ன்னாங்க. கேம்பஸ் நெட்வொர்க்குக்குள்ள இருந்து வந்தா ரெண்டாவது அடுக்கு கேக்காதுன்னு நாங்களே செட்டிங் மாத்துனோம், யாருகிட்டயும் கேக்கல. தப்புன்னு சொல்றவங்க சொல்லிக்கங்க.

காலேஜுக்கு கிரேடு போடுற நாக் (NAAC) கமிட்டி வந்தப்போ இதையே சாதனைன்னு கலர் பிரிண்ட் போட்டு ஃபைல்ல வெச்சாங்க. போட்டோல மூணு டீன் நிக்கிறாங்க. ராத்திரியெல்லாம் உக்காந்து ரீசெட் பண்ணுன நாங்க ரெண்டு பேரு அதுல இல்ல. என் டெசிக்னேஷன் கடைசி வரைக்கும் லேப் அசிஸ்டண்ட்தான். விடுங்க.

உங்க விஷயத்துக்கு வர்றேன். எஸ்எம்எஸ், ஆப் ரெண்டும் இருந்தா ஆப்பை எடுங்க. ரெஜிஸ்டர் ஆன நம்பர் யாரோடதுன்னு முதல்ல பாருங்க. போன் கைல இல்லாதப்போ ஓடிபிக்குப் பதிலா போட, ஒரு தடவை மட்டும் செல்லுபடியாகிற பேக்கப் கோட் குடுப்பாங்க, கூகுள் ஐடின்னா 10 குடுக்கும், அதை பிரிண்ட் எடுத்து மார்க்‌ஷீட் வெச்சிருக்கிற கவர்ல போட்டு வைங்க. நான் வேலையை விட்டே ரெண்டு வருஷம் ஆச்சு, போன வாரம் கூட பழைய ஸ்டூடண்ட் ஒருத்தன் கூப்பிட்டான், சார் போன் தொலைஞ்சிருச்சு, லாகின் ஆகலன்னு. பேக்கப் கோட் எங்கடான்னா, ஸ்கிரீன்ஷாட் எடுத்து பத்திரமா வெச்சிருக்கேன் சார்ங்கறான், அந்த போன்லயே.