அக்கா போட்ட மனுவுக்கு எப்போது முறை வரும்?

அமெரிக்கக் குடியேற்ற விசா பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: என் அக்கா நியூஜெர்சியில் இருக்கிறார். குடியுரிமை வாங்கியதும், 2012-இல் எங்கள் குடும்பத்துக்கு மனு போட்டார். 2016-இல் 'அப்ரூவ்' ஆகிவிட்டதாகக் கடிதம் வந்தது. அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. என் மகனுக்கு 19 வயது, இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். 'எப்படியும் அமெரிக்கா போகப்போகிறோம், இங்கே இன்னொரு தறி போட்டு என்ன ஆகப்போகிறது' என்று என் வீட்டுக்காரர் தொழிலில் முதல் போடாமலே இருக்கிறார். எங்களை எப்போது கூப்பிடுவார்கள்?
— ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: தங்கச்சி, 'அப்ரூவ்' என்றதும் விசாவே கிடைத்துவிட்டதாக நம் ஊரில் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான் அந்தக் கடிதத்தின் பொருள். வரிசையில் உங்கள் இடத்தைச் சொல்வது, 2012-இல் மனு அங்கே போய்ச் சேர்ந்த நாள். அதைத்தான் பிரையாரிட்டி டேட் என்கிறார்கள்.

அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் விசா புல்லட்டின் என்று ஓர் அறிவிப்பு வெளியிடுகிறது. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்களுடையது எஃப்-4, அதாவது குடிமக்களின் உடன்பிறந்தவர்களுக்கான பிரிவு. அந்தப் பிரிவுக்கு உலகம் முழுமைக்கும் ஆண்டுக்கு 65,000 விசாதான். உங்கள் பெயரோடு கணவர், பிள்ளைகள் என ஒவ்வொருவருக்கும் அதில் ஒன்று கழியும். இதற்கு மேல், எந்த நாட்டுக்கும் மொத்த விசாக்களில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்றொரு வரம்பும் இருக்கிறது. 2025-இல் இந்தியாவுக்கான எஃப்-4 வரிசை 2006-ஆம் ஆண்டு மனுக்களில் நின்றது. அந்த வரிசை ஓராண்டு முழுக்க நகர்ந்தால்கூடச் சில மாதங்கள்தான் முன்னேறுகிறது. சில சமயம் பின்னாலும் போகும். 2012-ஐ எட்ட இன்னும் பத்தாண்டுக்கு மேலாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மகன். பெற்றோரின் மனுவில் கூடவே வருவதற்குப் பிள்ளை 21 வயதுக்குள் இருக்க வேண்டும், திருமணமாகியிருக்கக் கூடாது. 2002-இல் வந்த ஒரு சட்டம் இதில் சின்னச் சலுகை தருகிறது. மனு பரிசீலனையில் கிடந்த காலத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். உங்களுக்கு 2012 முதல் 2016 வரை, சுமார் நான்கு வருடம். ஆக, அவனுக்கு 25 வயது முடிவதற்குள் வரிசை 2012-ஐத் தொட்டாக வேண்டும். தொடாது. அவன் இந்த மனுவில் வரமாட்டான் என்றே முடிவு செய்துகொண்டு படிப்பையும் வேலையையும் திட்டமிடட்டும். வெளிநாட்டில் படிக்கும் ஆசை இருந்தால் மாணவர் விசாவுக்குத் தனியாக விண்ணப்பிக்கட்டும். 'அக்கா கூப்பிடுவார்' என்ற நினைப்பில் அவனுடைய எந்த முடிவையும் தள்ளிப்போடாதீர்கள். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 19 வயதில் தெரிவது 26 வயதில் தெரிவதைவிட நல்லது.

எங்கள் வீட்டுக்கும் என் அண்ணன் மனு போட்டிருந்தார். தேதி வந்த வருடம் மாமனார் படுக்கையில் இருந்தார். அவரை விட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை, செவ்வாய்ப்பேட்டையிலேயே இருந்துவிட்டோம். காத்திருந்த அத்தனை வருடமும் வெள்ளிப் பட்டறையை நடத்திக்கொண்டே இருந்ததால் எதையும் இழந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: தறி போடலாம், கடன் வாங்கலாம், வீடு கட்டலாம். இவற்றால் மனுவுக்கு எந்தப் பாதிப்பும் வராது.

அந்தத் தேதியை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றுங்கள். ஒப்புதல் கடிதத்தின் (ஐ-797) நகல் உங்கள் கையில் இருக்கட்டும். அப்ரூவ் ஆன மனுக்களை வைத்திருப்பது நேஷனல் விசா சென்டர். வீடு மாறினாலோ மின்னஞ்சல் மாறினாலோ அங்கே தெரிவிக்க வேண்டும். முறை வந்து அவர்கள் கூப்பிடும்போது ஓராண்டுக்குள் பதில் போகாவிட்டால் மனுவை முடித்துவிடுவார்கள். இன்னொன்று, சொல்லச் சங்கடமான விஷயம்: மனு போட்டவர் காலமாகிவிட்டால் மனுவும் தானாக ரத்தாகிவிடும். மனிதாபிமான அடிப்படையில் மீட்டுத் தரச் சொல்லிக் கேட்க வழி உண்டு, உறுதி கிடையாது. அக்காவின் குடும்பத்தாருக்கும் இந்த விவரம் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: என் மகன் டல்லஸில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறான். கம்பெனி ஈபி-2 என்ற வேலைவழிப் பிரிவில் கிரீன் கார்டுக்குப் போட்டு, ஐ-140 என்ற கம்பெனியின் மனு அப்ரூவ் ஆகிவிட்டது. தேதி 2016. இப்போது கம்பெனியில் ஆட்குறைப்புப் பேச்சு. வேறு கம்பெனிக்குப் போனால் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவானா? மருமகளும் அங்கேதான் இருக்கிறாள். அவள் மஸ்கட்டில் பிறந்து, பள்ளிப் படிப்புக்கு இங்கே ஏற்காட்டுக்கு வந்தவள். அவளுக்கு இந்தக் கவலையே சாப்பாடாகிவிட்டது.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: ஐயா, கேட்ட கேள்விக்கு முதலில் பதில். கடைசிக்குப் போகமாட்டார். ஐ-140 அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டிவிட்டால், பழைய கம்பெனி அதைத் திரும்பப் பெற்றாலும் தேதி உங்கள் மகனுடையதுதான். புதிய கம்பெனி தொழிலாளர் சான்றிதழ், ஐ-140 என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆனால் அதில் 2016 என்ற தேதியே ஒட்டிக்கொள்ளும். ஆறு வருட எச்-1பி வரம்பு முடிந்தாலும் அப்ரூவ் ஆன ஐ-140-ஐக் காட்டி மும்மூன்று வருடமாக நீட்டிக்கலாம். வேலை போய்விட்டால் பொதுவாக 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் இன்னொரு கம்பெனி மனு போட வேண்டும். அதனால் பேச்சு அடிபடும்போதே வேலை தேடத் தொடங்குவது நல்லது.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது அதுதான். மருமகள் மஸ்கட்டில் பிறந்தவர் என்கிறீர்கள்.

இந்த வரிசையில் ஒருவர் எந்த நாட்டுக் கணக்கில் நிற்கிறார் என்பதற்குப் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைத்தான் பார்க்கிறார்கள். பெரிய ஊருக்கும் சின்ன ஊருக்கும் ஒரே எண்ணிக்கையில் பஸ் விட்டால் பெரிய ஊர்க்காரர்கள் நாள்முழுக்கப் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டியதுதான். இந்தியாவின் நிலை அப்படி. 2025-இல் ஈபி-2 பிரிவில் இந்தியாவுக்கான தேதி 2013-இல் நின்றது. ஓமனையும் உள்ளடக்கிய பெரும்பாலான நாடுகளுக்கோ அது 2023-ஐ எட்டியிருந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து குடியேறும்போது, ஒருவர் பிறந்த நாட்டின் கணக்கில் இருவரையும் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. அதன்படி, மருமகள் பிறந்த ஓமனின் கணக்கில் உங்கள் மகனும் வரலாம். அப்படிப் பார்த்தால் அவருடைய 2016 தேதிக்கு எப்போதோ முறை வந்திருக்க வேண்டும்!

இன்றைக்கே மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மருமகள் ஓமனில் பிறந்த விவரம் கம்பெனியின் வழக்கறிஞருக்குத் தெரியுமா என்று அவர் கேட்கட்டும். கம்பெனி வழக்கறிஞர்கள் ஊழியரின் பிறந்த நாட்டைப் பார்ப்பார்கள், மனைவியுடையதைப் பார்க்க விட்டுப்போவது உண்டு. ஓமன் அரசு கொடுத்த அசல் பிறப்புச் சான்றிதழும் திருமணப் பதிவுச் சான்றிதழும் வேண்டும். மருமகளின் பெற்றோரிடம் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள். இருவரும் ஒன்றாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். வேலை மாறுவதா வேண்டாமா என்ற முடிவை இது தெரிந்த பிறகு எடுக்கட்டும்.

பிள்ளை வேறு நாட்டில் பிறந்திருந்தால் பெற்றோருக்கு இந்தச் சலுகை கிடைக்குமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். கிடைக்காது, கணவன் மனைவிக்குள் மட்டும்தான்.

கேள்வி: அப்பா மூன்று வருடமாக அமெரிக்காவில் கிரீன் கார்டில் இருக்கிறார். எனக்கு மனு போட்டிருக்கிறார். நானும் அம்மாவும் ஏற்காட்டில் காபித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறோம். எனக்கு 26 வயது. நல்ல இடம் அமைந்து, தை மாதம் கல்யாணம் என்று பேசியிருக்கிறார்கள். 'கோயிலில் தாலி கட்டிக்கொள்ளுங்கள், ரெஜிஸ்டர் மட்டும் பண்ணாதீர்கள், விசாவுக்கு ஒன்றும் ஆகாது' என்று ஓர் உறவினர் சொல்கிறார். சரியா?
— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: சரியில்லை கண்ணு. அந்த யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள்.

கிரீன் கார்டு வைத்திருக்கும் ஒருவர், 21 வயது தாண்டிய திருமணமாகாத மகளுக்குத்தான் மனு போட முடியும். அது எஃப்-2பி. திருமணமான மகளுக்கு அவர் மனு போடச் சட்டத்தில் இடமே இல்லை. தாலி ஏறிய நிமிடமே மனு செத்துவிடும், தேதியும் போய்விடும். இந்து திருமணச் சட்டப்படி சடங்குகளோடு நடந்தாலே திருமணம் செல்லும். பதிவு என்பது அதற்குச் சான்று மட்டுமே. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவும் கட்டாயம். ஊரறியத் தாலி கட்டிவிட்டுத் தூதரக அதிகாரியிடம் 'திருமணமாகவில்லை' என்று கையெழுத்திட்டால் அது பொய். பிடிபட்டால் வாழ்நாள் முழுக்க அமெரிக்கக் கதவு மூடிக்கொள்ளும். பிடிபடாமல் போனாலும், பிற்பாடு கணவருக்கு மனு போடும்போது எந்தத் தேதியில் திருமணம் நடந்தது என்று எழுதுவீர்கள்?

முறையான வழி ஒன்று இருக்கிறது. கிரீன் கார்டு கிடைத்து ஐந்து வருடத்தில் அப்பா குடியுரிமை வாங்கலாம். அவர் குடிமகனான பிறகு திருமணம் செய்தால் மனு சாகாது. திருமணமான பிள்ளைகளுக்கான எஃப்-3 பிரிவுக்கு மாறிவிடும், பழைய தேதியும் அப்படியே இருக்கும். அதற்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். அப்புறமும் எஃப்-3 வரிசை நீளமானது. 2025-இல் அது 2011-ஆம் ஆண்டு மனுக்களில்தான் நின்றது.

இனி என் கருத்து. மாப்பிள்ளை உங்களுக்குப் பிடித்தவர், அவர் வேலையும் வாழ்க்கையும் இந்தப் பக்கம்தான் என்றால், பத்து வருடத்துக்கு மேல் தள்ளியிருக்கும் ஒரு விசாவுக்காகத் தை முகூர்த்தத்தைத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு மனம் இல்லை. அமெரிக்கா போவதுதான் உங்கள் முதல் விருப்பம் என்றால், இப்போதைக்கு நிச்சயதார்த்தத்தோடு நிறுத்தலாம், நிச்சயதார்த்தம் திருமணமாகக் கணக்கில் வராது. எதுவானாலும் நிச்சயத்துக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டாரிடம் விசா விவரத்தைத் திறந்து பேசுங்கள். அவர்களும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்திருப்பார்கள். அப்பா குடிமகனானதும் அம்மாவுக்கு வரிசையே கிடையாது. குடிமக்களின் மனைவி, கணவன், பெற்றோர், 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகளுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. அப்படி அம்மா கிளம்பிவிட்டால் தோட்டத்தை யார் பார்ப்பது என்பதையும் வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி: என் பெயரில் எஃப்-4 மனு இருக்கிறது. தங்கை மகள் கல்யாணத்துக்குச் சுற்றுலா விசாவில் போய்வர முடியுமா? மனுவைப் பற்றிச் சொல்லாமல் இருந்துவிடலாமா?
— ஒரு வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: விண்ணப்பிக்கலாம், மனு இருப்பது தடையல்ல. ஆனால் குடியேற்ற மனு உண்டா என்று படிவத்திலேயே கேட்கிறார்கள். 'ஆம்' என்றே எழுதுங்கள். திரும்பி வருவீர்கள் என்று அதிகாரி நம்ப வேண்டும். தொழில், சொத்து, இங்கே இருக்கும் குடும்பம் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

கேள்வி: சேலத்தில் ஓர் ஏஜென்ட், நான்கு லட்சம் கொடுத்தால் ஃபைலை முன்னால் தள்ளித் தருவதாகச் சொல்கிறார். 'பிரீமியம்' என்று ஒன்று இருக்கிறதாமே?
— ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: பணம் கட்டி வரிசையில் முன்னேற யாராலும் முடியாது. பிரீமியம் என்பது கம்பெனி போடும் ஐ-140 போன்ற சில மனுக்களில் முடிவைச் சீக்கிரம் சொல்வதற்கான கட்டணம். குடும்ப மனுவுக்கு அது கிடையவே கிடையாது. அதே ஆள் கிரீன் கார்டு லாட்டரி பற்றியும் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தியாவில் பிறந்தவர்கள் அதில் சேரவே முடியாது. முன்பணம் கொடுத்திருந்தால் ரசீதோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: 1968-இல் ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தேன். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. மகள் குடிமகளாகி எனக்கு மனு போட்டிருக்கிறாள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும். என்ன செய்வது?
— ஒரு வாசகி, நாகலூர்

பதில்: பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1969-இல் வந்ததுதான், அதனால் உங்களைப் போன்றவர்கள் நிறைய. ஏற்காடு தாலுகா அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைத் தேடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பதிவு இல்லையென்றால், 'இல்லை' என்பதற்கே ஒரு சான்று தருவார்கள். அது கட்டாயம் வேண்டும். அதோடு பள்ளிச் சான்றிதழ், நீங்கள் பிறந்ததை அறிந்த மூத்த உறவினர் ஒருவரின் பிரமாணப் பத்திரம் இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டும். தாயும் தந்தையும் இல்லையென்றால் பெரியம்மாவோ சித்தப்பாவோ போதும். அவர்களுக்கு வயதாகிறது, எனவே இதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். இனிஷியலும் முழுப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று தனியாக ஓர் உறுதிமொழிப் பத்திரம் நோட்டரியிடம் எழுதிக்கொள்ளுங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழில் தாயார் என்ற இடத்தில் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்றும் எடுத்துப் பாருங்கள். அதில் பிழை இருந்தால், மும்பை அமெரிக்கத் துணைத் தூதரக நேர்காணலுக்குத் தேதி வருவதற்கு முன்பே இங்கே திருத்தி வாங்கிவிடுங்கள்.