வழி சொல்ல ஆளில்லாத உலகம்

அன்புள்ள சார்,

எனக்கு 32 வயது. பள்ளி நாட்களிலிருந்து கேம் ஆடுகிறேன். போன மாதம் ஒரு பெரிய ஓபன் வேர்ல்ட் கேமை (பரந்த உலகில் இஷ்டப்படி சுற்றலாம் என்கிற வகை) 80 மணி நேரம் ஆடி, மேப்பில் இருந்த ஒவ்வொரு ஐகானையும் முடித்தேன். முடித்ததும் வெறுமைதான் மிஞ்சியது. டவரில் ஏறு, முகாமைப் பிடி, பெட்டியைத் திற, விலங்குத் தோலைச் சேர்த்துப் பையைப் பெரிதாக்கு. உடையையும் ஊர்ப் பெயரையும் மாற்றினால் நான்கு வருடம் முன்பு ஆடிய அதே கேம். இவ்வளவு பணம் கொட்டுகிறவர்கள் ஏன் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கிறார்கள்? இல்லை, எனக்குத்தான் வயதாகிவிட்டதா? இனி சின்னக் குழுக்களின் கேம்களை மட்டும் ஆடலாமா? ஏஐ வந்தால் நிலைமை மாறுமா?

க.

அன்புள்ள க.,

சில வாரங்களாக இதையேதான் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

32 வயதில் வயதாகிவிட்டது என்று எனக்கு எழுதாதீர்கள். ஏஐ பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம், அது வேறு கதை. சின்னக் குழுக்களின் கேம்களைத் தாராளமாக ஆடுங்கள். 2019இல் வந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ ஆடியிருக்காவிட்டால் இன்றே தொடங்குங்கள். 22 நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். நீங்கள் தெரிந்துகொண்டது மட்டும்தான் உங்களோடு வரும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பிடிக்காத கேமில் எதற்காக எல்லா ஐகானையும் துடைத்தீர்கள்? பத்தாவது மணி நேரத்திலேயே சலித்திருக்கும். மிச்சம் 70 மணி நேரம் உங்களை யாரும் கட்டிப்போடவில்லையே. கடைசிப் பெட்டி வரைக்கும் திறக்க ஆள் இருக்கும்போது அவர்கள் இன்னும் 100 பெட்டி வைப்பார்கள். இதில் உங்களுக்கும் பங்கு உண்டு, தம்பி.

அச்சு ஒன்றாக இருப்பது குற்றமே இல்லை. வெண்பாவுக்கும் கறாரான இலக்கணம் உண்டு, அதற்காக எல்லா வெண்பாவும் ஒன்றாகிவிட்டதா? டவரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் ‘அசாசின்ஸ் கிரீட்’டில் ஏறினோம், 2012இல் ‘ஃபார் கிரை 3’இல் ஏறினோம், 2017இல் செல்டா வரிசையின் ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’டிலும் ஏறினோம். முதல் இரண்டிலும் ஏறி முடித்ததும் மேப்பில் ஐகான்கள் முளைக்கும். மூன்றாவதில் மலையும் ஆறும் மட்டுமே தெரியும். எங்கே போவது என்பதை அந்த உச்சியில் நின்று நாமே கண்ணால் தேடிக் குறித்துக்கொள்ள வேண்டும். டவர் ஒன்றுதான், ஆடுகிறவன் செய்யும் வேலை வேறு.

என் ஆற்றாமையெல்லாம் மார்க்கர் மேல்தான், அதாவது போக வேண்டிய இடத்தைத் திரையிலேயே காட்டிவிடும் அம்புக்குறி மேல். 2002இல் வந்த ‘மோரோவிண்ட்’டை நானும் தங்கையும் சேர்ந்து ஆடினோம். கீபோர்டு என்னிடம், நோட்டு அவளிடம். அதில் அம்புக்குறி கிடையாது. ஒரு பாழடைந்த கோட்டையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துவர வேண்டும். அனுப்புகிறவர் வழியை வாக்கியங்களாகச் சொல்வார்: ஊரைவிட்டு வெளியேறு, படைவீரர்களின் கோட்டைப் பக்கம் போ, பழைய பாலத்தைக் கடந்து மேட்டில் ஏறு. தங்கை எழுதிக்கொண்டாள். நாங்கள் பாலத்தைத் தவறவிட்டு அதன் கீழே இருந்த சாம்பல் பள்ளத்தில் இறங்கிவிட்டோம். நடந்தோம், நடந்தோம், பள்ளம் முடியவே இல்லை. கடைசியில் மலையையே வளைத்து நின்ற, ஒளிரும் ஒரு மாபெரும் வேலி. அது என்னவென்று தெரியாமல் இரண்டு பேரும் வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் பாலத்தைக் கண்டுபிடித்தோம். மேட்டில் இருந்த கதவு திறக்கவில்லை. பத்து நிமிடம் முட்டிக்கொண்டிருந்தபோது தங்கைதான் சொன்னாள்: “அண்ணா, பக்கத்துக் குழாய்ல ஒரு கைப்பிடி இருக்கு பாரு.” திருப்பினேன். கதவு நகர்ந்தது. அன்று அவள் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை எந்தக் கேமின் கோப்பையும் எனக்குத் தந்ததில்லை.

2006இல் இதே வரிசையில் அடுத்து வந்த ‘ஒப்லிவியன்’ திசைகாட்டியில் மார்க்கர் வைத்தது. அதே கேமில்தான் வசனம் முழுவதற்கும் குரல் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது என் கட்சி. எழுத்தில் பத்து வரி வழி சொல்லலாம், பாலத்தை இடம் மாற்றினால் இரண்டு சொல்லைத் திருத்தினால் போதும். குரலென்றால் நடிகரைத் திரும்ப அழைக்க வேண்டும். அம்புக்குறிக்கு அந்தச் செலவில்லை, பாலம் எங்கே போனாலும் பின்னாலேயே போகும். இப்படித்தான் கேம்களில் வழி சொல்லும் வாய்கள் அடைத்துப்போயின. வழி சொல்ல வேண்டியதில்லை என்றானதும், ‘அந்தப் பிளந்த பாறைக்கு இடதுபுறம்’ என்று சொல்லும்படியான பாறையும் தேவையில்லாமல் போனது. எல்லாப் பாறையும் ஒரே பாறையானது. நூற்றுக்கணக்கான பேர் உலகைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக் கட்டும்போது இது அவர்களுக்கு வசதியும்கூட. உங்கள் 80 மணி நேர வெறுமை இங்கிருந்துதான் வருகிறது, முகாம்களின் எண்ணிக்கையிலிருந்து அல்ல. நீங்கள் அந்த நாட்டைப் பார்க்கவே இல்லை, மூலையில் இருந்த வட்ட மேப்பைப் பார்த்தபடியே குதிரை ஓட்டியிருக்கிறீர்கள்.

“பிடிக்காவிட்டால் மார்க்கரை அணைத்துவிடு” என்பார்கள். அணைத்துப் பாருங்கள், பெரும்பாலான கேம்களில் தவித்துப்போவீர்கள். அங்கே உங்களுக்கு வழி சொல்ல ஒரு ஆள்கூட இல்லை. 2018இன் ‘அசாசின்ஸ் கிரீட் ஒடிசி’ இதை உணர்ந்து, குறிப்புகளை வைத்து இடத்தைத் தேடும் ஒரு முறையைச் சேர்த்தது. அது நல்ல வேலை, பாராட்ட வேண்டும். அம்பு இல்லாவிட்டால் மக்கள் வாங்க மாட்டார்கள் என்ற பேச்சை மட்டும் என்னிடம் கொண்டுவராதீர்கள். 2022இன் ‘எல்டன் ரிங்’கில் குவெஸ்ட் பட்டியலே, அதாவது அடுத்து முடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியலே, கிடையாது. தங்குமிடங்களில் திசை காட்டும் மெல்லிய ஒளிக்கீற்று ஒன்றுதான். மூன்று வாரத்துக்குள் 1.2 கோடி பிரதிகள் போயின.

உங்கள் கடிதத்தைத் தங்கைக்கு அனுப்பினேன். அந்த நோட்டு இன்னும் அவளிடம் இருக்கிறது. பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். பென்சிலில் ஒரு பாலம், கீழே நீளமான பள்ளம், அதன் முடிவில் குறுக்குக் கோடுகளால் ஒரு வேலி. ஓரத்தில் அவளுடைய பழைய கையெழுத்து: ‘பள்ளத்தில் இறங்கக் கூடாது. பாலத்தில் ஏறணும். வேலிக்கு அப்புறமா வரணும்.’