பழைய வெம்ப்ளி: நாய்கள் காப்பாற்றிய கால்பந்து அரங்கம்

கே: லண்டனின் பழைய வெம்ப்ளி அரங்கத்தைக் கால்பந்துக்காகவே கட்டினார்களா?

ப: இல்லை. பிரிட்டிஷ் பேரரசுப் பொருட்காட்சிக்காகக் கட்டியது. 'எம்பயர் ஸ்டேடியம்' என்பதுதான் முதல் பெயர். பொறியாளர் ஓவன் வில்லியம்ஸ். செலவு 7,50,000 பவுண்டு, வேலை முடிந்தது 300 நாளில். முகப்பில் 126 அடி உயரத்துக்கு இரண்டு வெள்ளைக் கான்கிரீட் கோபுரங்கள். பொருட்காட்சி தொடங்கியது 1924-ல். அரங்கமோ அதற்கு ஓராண்டு முன்பே, 1923 ஏப்ரல் 28 அன்று, இங்கிலாந்து கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதியாட்டத்தோடு திறந்துவிட்டது.

கே: அந்த முதல் ஆட்டத்திலேயே கூட்டம் புல்தரைக்குள் இறங்கிவிட்டதாமே, எப்படி?

ப: டிக்கெட் விற்ற முறையில்தான் கோளாறு. முந்தைய மூன்று இறுதியாட்டங்களும் லண்டனின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் அரங்கத்தில் நடந்தபோது இடம் மீந்தது. இவ்வளவு பெரிய அரங்கம் எங்கே நிறையப்போகிறது என்று நினைத்து, பெரும்பாலான இடங்களை வாசலில் காசு வாங்கிக்கொண்டு விடுவதாக வைத்திருந்தார்கள். பிற்பகலில் வாசல்களை மூடிய பிறகும் ஜனங்கள் சுவரேறிக் குதித்தார்கள். அதிகாரபூர்வக் கணக்கு 1,26,047 பேர். உள்ளே இருந்தவர்கள் 2 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலான மதிப்பீடு. நெரிசல் தாங்காமல் முன்வரிசையினர் புல்லுக்கு வந்தார்கள். பின்னால் தள்ளுகிறவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது, அதுதான் இதில் பெரிய ஆபத்து. குதிரைப் போலீஸார் கூட்டத்தை அங்குலம் அங்குலமாகக் கோட்டுக்கு வெளியே நகர்த்தினார்கள். ஜார்ஜ் ஸ்கோரி என்ற காவலரும் அவருடைய 'பில்லி' என்ற குதிரையும் அப்படித்தான் புகழ்பெற்றார்கள். பில்லி உண்மையில் சாம்பல் நிறம், கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் வெள்ளையாகத் தெரிந்தது. ஆட்டம் சுமார் 45 நிமிடம் தாமதம். போல்டன் 2-0 என வெஸ்ட் ஹாமை வென்றது. அடுத்த ஆண்டிலிருந்து முன்கூட்டியே டிக்கெட் வாங்கியவருக்கு மட்டுமே அனுமதி.

கே: கால்பந்து அரங்கத்தில் நாய்ப் பந்தயம் எதற்கு?

ப: அது இல்லாவிட்டால் அரங்கமே இருந்திருக்காது. பொருட்காட்சி 1925-ல் முடிந்தது. வெம்ப்ளிக்கென்று சொந்தமாக ஒரு கிளப் இல்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு பெரிய ஆட்டத்தை வைத்து இவ்வளவு பெரிய கட்டடத்தைப் பராமரிக்க முடியாது. பொருட்காட்சியில் புகையிலைக் கடை நடத்திய ஆர்தர் எல்வின் 1927-ல் அதை வாங்கி, அந்த டிசம்பரிலேயே கிரேஹவுண்ட் பந்தயம் தொடங்கினார். வாராவாரம் வசூல் வந்தது, அரங்கம் பிழைத்தது. 1948 ஒலிம்பிக் ஓட்டங்களும் புல்தரையைச் சுற்றி நாய்கள் ஓடிய வளையத்தில்தான் நடந்தன, அதற்காகத் தனியே சாம்பல்கரித் தடம் போட்டார்கள்.

ஆனால் அந்த வளையத்துக்குக் கால்பந்து ரசிகர்கள் விலை கொடுத்தார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருப்பவருக்கு ஆட்டம் எட்டத்தில் போய்விட்டது. 1966 உலகக் கோப்பையில் உருகுவே - பிரான்ஸ் ஆட்டம் ஜூலை 15, வெள்ளிக்கிழமை. அன்று நாய்ப் பந்தய இரவு. உரிமையாளர் அதைத் தள்ளிவைக்க மறுத்ததால் உலகக் கோப்பை ஆட்டம் லண்டனின் இன்னொரு அரங்கமான வைட் சிட்டிக்குப் போனது! இரண்டு வாரம் கழித்து இதே வெம்ப்ளியில் இங்கிலாந்து 4-2 என மேற்கு ஜெர்மனியை வென்று கோப்பையை வாங்கியது. நாய்கள் 1998 வரை ஓடின.

கே: கச்சேரிகள் எப்போது வந்தன? அவ்வளவு பெரிய இடத்தில் பாட்டு சரியாகக் கேட்குமா?

ப: 1972 ஆகஸ்டில் நடந்த ராக் அண்ட் ரோல் நிகழ்ச்சிதான் முதல் பெரிய கச்சேரி. மேடையை ஒரு கோல் பக்கம் போட்டுவிட்டால் அதன் பின்னால் உள்ள இருக்கைகள் வீண். அந்த இழப்பைப் புல்தரையில் நிற்கிற கூட்டம் ஈடுகட்டும்.

ஒலியில் இரண்டு சிக்கல். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 0.3 விநாடி பிந்தித்தான் கேட்கும். நடுவில் கூடுதல் ஒலிபெருக்கிகள் வைக்கும்போது, மேடை ஒலி அங்கே வந்துசேர ஆகும் நேரத்துக்கு அவற்றின் ஒலியையும் தாமதப்படுத்த வேண்டும். மறந்தால் ஒவ்வொரு தாளமும் இரண்டு முறை கேட்கும். அடுத்தது எதிரொலி: கூரையும் எதிர்ப்பக்கக் கான்கிரீட்டும் ஒலியைத் திருப்பியனுப்பும்.

புல்தரையும் பாடுபடும். மேலே விரிப்பு போட்டால் வெளிச்சமும் காற்றும் கிடைக்காமல் புல் சில நாளிலேயே மஞ்சளாகும். ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்து இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்காது. விரிப்பை உடனே எடுத்து, மண்ணைக் குத்திக் காற்று விட வேண்டும்.

1985 ஜூலை 13 அன்று பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டிய 'லைவ் எய்ட்' கச்சேரி நடந்தபோது 72,000 பேர். பகல் 12 மணிக்குத் தொடங்கி இரவு 10 மணிவரை, இடைவெளியே இல்லாமல் ஒருவர் பின் ஒருவராகப் பாட வேண்டும். அதனால் சுழலும் மேடை: ஒரு பகுதியில் பாட்டு நடக்க, மறைவில் இருப்பதில் அடுத்த குழு கருவிகளை இணைத்துக்கொண்டிருக்கும். நேரம் முடிவதைச் சொல்ல மேடையில் போக்குவரத்து விளக்கு! மைக்கேல் ஜாக்சன் 1988-ல் இங்கே ஏழு இரவுகள் ஆடிப்பாடினார்.

கே: கோப்பை வாங்க எத்தனை படி ஏற வேண்டும்?

ப: வென்ற அணி பார்வையாளர் பகுதியில் உள்ள அரச மாடத்துக்கு ஏறித்தான் கோப்பையை வாங்கும். பழைய அரங்கத்தில் 39 படி. அதை இடித்துக் கட்டிய புதிய வெம்ப்ளியில் 107.

கே: கோபுரங்களையாவது விட்டுவைத்திருக்கலாமே?

ப: எங்கள் கருத்தும் அதுதான். கூரையைத் தாங்கிய தூண்கள் பார்வையை மறைத்தன, கழிப்பறைகள் போதவில்லை. எனவே அரங்கத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது உண்மை. கோபுரங்களை நகர்த்தும் யோசனை எழுந்து கைவிடப்பட்டது. கடைசி ஆட்டம் 2000 அக்டோபர் 7, ஜெர்மனி 1-0 என இங்கிலாந்தை வென்றது. கடைசி கோல் டீட்மார் ஹாமன் அடித்தது. 2002-ல் இடிப்பு தொடங்கி, மறு ஆண்டு கோபுரங்களும் விழுந்தன. புதிய புல்தரைக்காகத் தோண்டியபோது, ஈஃபிள் கோபுரத்தை மிஞ்ச ஆசைப்பட்டு எட்வர்ட் வாட்கின் தொடங்கி, முடிக்காமலே 1907-ல் தகர்க்கப்பட்ட இன்னொரு கோபுரத்தின் அஸ்திவாரம் வெளியே வந்தது. வெம்ப்ளிக் கோபுரம் ஒன்றின் உச்சிக் கிரீடம் மட்டும் பிரென்ட் ஆற்றுப் பூங்காவில், தரையில் இருக்கிறது.